அதிகப்பிரசங்கிகளுக்கு ஒரு வக்காலத்து

தமிழில் 'அதிகப்பிரசங்கி' என்று ஒரு வசவு இருக்கிறது. அதை யார் வாங்கிக் கட்டிக்கொள்ளுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மேடையில் ஏறி மணிக்கணக்கில் பேசுகிறவரை யாரும் அதிகப்பிரசங்கி என்று சொல்லுவதில்லை. அவர் பேச்சின் நடுவே எழுந்து நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்காருகிறானே, அவன்தான் அதிகப்பிரசங்கி! இரண்டு மணி நேரம் பேசினவர் அளவோடு பேசினவர். இரண்டு வாக்கியம் பேசினவன் அதிகம் பேசினவன். கணக்கு எப்படி இருக்கிறது!

அந்த இரண்டு வாக்கியக்காரனுக்காக இந்தக் கட்டுரையில் நான் வக்காலத்து வாங்கப் போகிறேன். கட்சிக்காரன் என்னிடம் பீஸ் கொடுக்கவில்லை. ஆனால் கேஸில் நியாயம் இருக்கிறது.

இது பயிற்சி வகுப்புகளின் காலம். ஆசிரியருக்குப் பயிற்சி, அங்கன்வாடிப் பெண்களுக்குப் பயிற்சி, பாங்கு குமாஸ்தாவுக்குப் பயிற்சி, மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பயிற்சி, விவசாயிக்குப் பயிற்சி. பயிற்சி கொடுப்பது எப்படி என்று பயிற்சி கொடுப்பதற்கும் ஒரு பயிற்சி நடக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த அன்று கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு ரிட்டயராகும் நாள்வரை ஓட்டிவிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது, கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். என் சண்டை அந்த வகுப்புகளில் நடக்கும் ஒரு சின்னக் காரியத்தோடு.

அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் தள்ளும் நேரம். முன்னால் வெள்ளைத் திரை. அதில் படம் படமாக வருகிறது. திரையில் எழுதியிருப்பதையே பயிற்சியாளர் வாய்விட்டுப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பின்வரிசையில் ஒருவர் எழுந்து ஏதோ கேட்கிறார். பயிற்சியாளர் புன்னகை செய்கிறார். "நல்ல கேள்வி ஸார். ஆனால் அது இன்றைய விஷயத்துக்குச் சம்பந்தமில்லை. அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். கேட்டவர் உட்காருகிறார். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. தேநீர் வருகிறது, பிஸ்கட் வருகிறது, வருகைப் பதிவேடு கையெழுத்துக்கு வருகிறது, வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்கும் தாள்கூட வருகிறது. 'அப்புறம்' மட்டும் வருவதில்லை.

இதற்கு நவீன முறை ஒன்றையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, அதற்குப் 'பார்க்கிங் லாட்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வண்டி நிறுத்துமிடம்! சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் அதை அந்தத் தாளில் எழுதி நிறுத்திவிடுவது. கேட்டவரின் மனமும் கோணாது, வகுப்பும் தடம் புரளாது. முறையைக் கண்டுபிடித்தவர்கள், நிறுத்தின வண்டியைச் சாயங்காலத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஆட்கள் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக் காவல்காரர் அந்தத் தாளைக் கிழித்துச் சுருட்டுகிறார். அத்தனை வண்டிகளும் ஒரே நிமிஷத்தில் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேருகின்றன.

சரி, 'சம்பந்தமில்லாத கேள்வி' என்கிறார்களே, அப்படி என்னதான் கேட்டுவிடுகிறார்கள்? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். தேர்தலுக்கு முன் வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்ளுகிறேன். நம் குடும்பங்களில் யாராவது ஓர் ஆசிரியையோ குமாஸ்தாவோ அதற்குப் போயிருப்பார்கள். நான் சொல்லுவது சரியா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பது வாஸ்தவம். கட்டுப்பாட்டுக் கருவி, ஓட்டுப் போடும் கருவி, யாருக்குப் போட்டோம் என்று ஏழு விநாடி சீட்டைக் காட்டும் கருவி ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் இணைப்பது. ஓட்டுப்பதிவுக்கு முன் ஏஜெண்டுகள் பார்க்கக் குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுகள் போட்டுக் காட்டிக் கணக்குச் சரிபார்த்து, பிறகு அவற்றை மறக்காமல் அழிப்பது. முதல் அலுவலர் பட்டியலில் பெயர் பார்ப்பது, இரண்டாமவர் விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, மூன்றாமவர் பொத்தானை அழுத்துவது. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவது. மொத்த ஓட்டுக் கணக்கைப் பதினேழு 'சி' படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுப்பது. ஒவ்வொன்றும் முக்கியம். ஓர் எண் பிசகினாலும் ஊர் சிரிக்கும்.

என் கதைகளைப் படிக்கிற ஓர் ஆசிரியை, தாம் போன வகுப்பைப் பற்றி எனக்குச் சொன்னார். எந்த ஊர், நடத்தின அதிகாரி யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம். மேஜைமேல் ஒரே ஒரு இயந்திரம். முன்வரிசைக்காரர்களுக்கு அது தெரிந்தது. மற்றவர்களுக்கு முன்வரிசைக்காரர்களின் பிடரி தெரிந்தது. பாதி வகுப்பில் ஒரு பெண்மணி எழுந்து, "ஸார், எங்களைப் போடற ஸ்கூல்ல லேடீஸுக்கு டாய்லெட் இருக்குமா?" என்று கேட்டாராம். மண்டபம் சிரித்தது. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே, "மேடம், மெஷினைப் பத்திக் கேளுங்க. சம்பந்தமில்லாததெல்லாம் அப்புறம்" என்றார். அந்த அம்மாள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் கேள்வி சம்பந்தமில்லாததா? தேர்தல் அலுவலர்கள் முந்தின நாளே சாமான்களோடு சாவடிக்குப் போய்விட வேண்டும். இரவு அங்கேயே தங்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து குளித்துத் தயாராக வேண்டும். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப்பதிவு காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி ஓட்டு. ஆறு மணிக்குப் பிறகு சீல் வைப்பது, படிவங்கள் எழுதுவது, வண்டி வரும் வரையில் இயந்திரத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஒரு பெண் ஏறத்தாழ ஒன்றரை நாளைக் கழிக்க வேண்டிய இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால், அது இயந்திரத்துக்குச் சம்பந்தமில்லையாம்!

சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தேர்தல் ஆணையமே சொல்லுகிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் இருந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச வசதிகள் என்று ஆணையம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சாய்வுப் பாதை, குடிநீர், வெளிச்சம், மேஜை நாற்காலி, கழிப்பறை என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. ஆகவே அந்த அம்மாள் கேட்டது ஆணையத்தின் சொந்தப் பட்டியலில் உள்ள ஒன்றை. விஷயத்துக்குப் புறம்பாகப் போனவர் அந்த அம்மாளா, பட்டியலை மறந்துவிட்டு மேடையில் நின்றவரா?

இன்னொரு கேள்வி. இதுவும் எல்லா ஊரிலும் கேட்கப்படுவதுதான்: "ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன ஸார் ஏற்பாடு?" இதற்கும் மண்டபம் சிரிக்கும். 'சாப்பாட்டு ராமன்' என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொல்லுவார். ஆனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கான கையேடு என்ன சொல்லுகிறது? போன இடத்தில் யாருடைய உபசாரத்தையும் ஏற்கக் கூடாது என்கிறது. நியாயமான விதிதான். ஒரு வேட்பாளரின் மாமன் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர் மறுநாள் அதே ஆளின் ஓட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தால், இன்னொரு கட்சி ஏஜெண்டு சும்மா இருப்பாரா? ஆனால், கடையே இல்லாத குக்கிராமத்தில், ஊரார் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கக் கூடாது என்று ஒருவருக்குச் சட்டம் போட்டுவிட்டு, "அப்படியானால் எங்கே சாப்பிடுவது?" என்று அவர் கேட்டால், அது எப்படிச் சம்பந்தமில்லாத கேள்வியாகும்? அது அந்த விதியின் வயிற்றிலிருந்து பிறந்த கேள்வி. விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவனுக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும். சிரித்தவர்களுக்கு விதி புரியவில்லை.

என் ஆசிரியை சொன்ன கதையில் நான் முக்கியமாக நினைப்பது இனிமேல்தான் வருகிறது. அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகு அந்த மண்டபத்தில் யாரும் எதுவுமே கேட்கவில்லையாம். இயந்திரத்தைப் பற்றியும் கேட்கவில்லை! மாதிரி ஓட்டுகளை எண்ணின பிறகு எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தி அழிப்பது என்று இவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. "கேட்டிருக்கலாமே அம்மா" என்றேன். "இன்னொரு தரம் சிரிப்பாங்க ஸார்" என்றார். மாதிரி ஓட்டை அழிக்க மறந்துவிட்டால், எண்ணும் நாளில் கணக்கு உதைக்கும். அப்படி மறந்துபோன சாவடிகளில் என்ன செய்வது என்று ஆணையமே தனி உத்தரவு போடும் அளவுக்கு அந்தத் தவறு நடந்திருக்கிறது. அந்த மறதிகளுக்கெல்லாம் இந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மண்டபத்தில் முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டால், இருபதாவது கேள்வி வராது. அந்த இருபதாவது கேள்வி இயந்திரத்தைப் பற்றியதாக இருந்திருக்கும்.

அந்தத் தேர்தலில் அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருந்ததாம். பூட்டியிருந்ததாம். சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் வேறொரு ஊரில் தேர்தல் வேலையில்! "மொதல் நாள் மத்தியானத்துலேர்ந்தே தண்ணி குடிக்கறதைக் குறைச்சிட்டேன் ஸார்" என்றார். ஏப்ரல் மாத வெயிலில், தண்ணீர் குடிக்காமல், வரிசையில் வந்த ஆயிரம் பேர் விரலில் மை வைத்திருக்கிறார்.

நிற்க. எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொல்லுவார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். அவரிடம் பலமான சாட்சி ஒருவர் இருக்கிறார். சாட்சாத் புத்தபிரானே அவர்.

மாலுங்கியபுத்தன் என்ற சீடன் புத்தரிடம் போய், உலகம் நித்தியமா அநித்தியமா, அதற்கு எல்லை உண்டா இல்லையா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்று வரிசையாகக் கேட்டான். பதில் சொல்லாவிட்டால் சங்கத்தை விட்டே போய்விடுவேன் என்றும் சொன்னான். புத்தர் பதில் சொல்லவில்லை. விஷ அம்பு தைத்த ஒருவன், வைத்தியனைத் தொடவிடாமல், எய்தவன் என்ன ஜாதி, உயரமா குட்டையா, வில் எந்த மரம், நாண் எந்த நார் என்று விசாரித்துக்கொண்டிருந்தால், விவரம் தெரிவதற்குள் செத்துப்போவான் என்றார். ஆகவே, விஷயத்துக்குப் புறம்பான கேள்வியைத் தள்ளுவது மகான்கள் காட்டிய வழி என்பது எதிர்க்கட்சி வாதம்.

நல்ல சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறதல்லவா? புத்தர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. பதில் சொல்ல மாட்டேன் என்றார். ஏன் மாட்டேன் என்பதற்கு ஒரு கதையே சொன்னார். சீடனைச் சிரித்து உட்கார வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எது விஷயம், எது புறம்பு என்பதை அவர் தீர்மானித்த அளவுகோலைக் கவனியுங்கள். தைத்திருக்கும் அம்பு எதுவோ, அதுதான் விஷயம். அந்த அளவுகோலை நம் மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்பு தைத்தவர் யார்? கழிப்பறை கேட்ட அம்மாள். வில் எந்த மரம், நாண் எந்த நார் என்று விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருப்பவர் யார்? திரைக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான்! எதிர்க்கட்சி சாட்சி என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்னொரு பழைய வழக்கும் உண்டு. ஜனகர் சபையில் யாக்ஞவல்கியரைக் கார்கி கேள்வி கேட்டதைப் பிருகதாரண்யக உபநிஷதம் சொல்லுகிறது. இது எதில் நெய்யப்பட்டிருக்கிறது, அது எதில், அதற்கும் அடியில் எது என்று கார்கி விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் யாக்ஞவல்கியர், அளவு மீறிக் கேட்காதே, கேட்டால் தலை விழுந்துவிடும் என்றார். 'அதிகப்பிரசங்கி' என்று நாம் சொல்லுவதைத்தான் அவர் கொஞ்சம் பயங்கரமாகச் சொன்னார். கார்கி அப்போது நிறுத்திக்கொண்டாள். ஆனால் அதோடு கதை முடியவில்லை. மற்றொருவர் கேட்டு முடித்த பிறகு அவள் மறுபடியும் அதே சபையில் எழுந்தாள். இரண்டு அம்புகளைப்போல் இரண்டு கேள்விகள் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். இந்தத் தடவை யாக்ஞவல்கியர் பதில் சொன்னார். தலை ஒன்றும் விழவில்லை. நம் பெண்களில் எத்தனை பேர் மறுபடி எழுந்திருக்கிறார்கள்? கார்கிக்கு இருந்த நெஞ்சுரத்தை ஒவ்வொரு இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலரிடமும் எதிர்பார்ப்பது நியாயமா?

பாவ்லோ பிரெய்ரே என்று பிரேஸில் தேசத்துக் கல்வியாளர் ஒருவர். 1921-இல் பிறந்தவர், முதியோர் கல்வியைப் பற்றி உலகமே இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறது. இளமையில் ரெஸிஃபே நகரத்தில், தொழிலாளர் நலனுக்கான ஒரு ஸ்தாபனத்தில் வேலை பார்த்தார். தொழிலாளர் குடும்பங்களில் பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் இருந்தது. அது தப்பு என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு கூட்டம். குழந்தைகளின் மனத்தைப் பற்றிப் பியாஜே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு வந்து விரிவாகப் பேசினார். பேசி முடித்ததும், நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவன் எழுந்தான். வாழ்க்கை அடித்து அதற்குள் கிழவனாகிவிட்டவன். நீங்கள் பேசினது நன்றாயிருந்தது. நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் தெரியுமா, எங்களில் யார் வீட்டுக்காவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டான்.

சொற்பொழிவின் விஷயம் தண்டனை. கேள்வியோ வீடு! நம்முடைய மண்டபமாக இருந்தால், "ஹவுஸிங் விஷயம் அப்புறம் பார்க்கலாம்" என்று சுவரில் எழுதி நிறுத்தியிருப்பார்கள். அந்த ஊரில் அவனைப் பேச விட்டார்கள். அவன் தங்கள் வீடுகளைச் சொன்னான். பிறகு, தான் பார்த்தேயிராத பிரெய்ரேயின் வீட்டையும் சொன்னான். தோட்டம் இருக்கும், அறைகள் இருக்கும், குழந்தைகளுக்குத் தனிப் படுக்கை இருக்கும், புத்தகங்களோடு உங்களுக்கு ஓர் அறை இருக்கும் என்றான். எல்லாம் சரியாக இருந்தது. களைத்து வீட்டுக்கு வந்தால் குளித்த, வயிறு நிறைந்த குழந்தைகள் உங்களுக்கு எதிரே வருகின்றன. எங்கள் வீட்டில் பசித்து அழுகிற குழந்தைகள். விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி எழுந்திருக்க வேண்டும். நாங்கள் அடிப்பது அன்பு இல்லாததனால் அல்ல என்றான். நாற்காலிக்குள் புதைந்து போய்விடலாம்போல் இருந்தது என்று பிரெய்ரே பல வருஷங்களுக்குப் பிறகு எழுதுகிறார். திரும்பும் வழியில், இவ்வளவு தெளிவாகப் பேசியும் அவர்களுக்குப் புரியவில்லையே என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். புரிந்துகொள்ளாதது நீங்களாக இருக்கக் கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டாராம். அதுவரை தாம் கேட்ட பாடங்களிலேயே தெளிவானது அந்தத் தொழிலாளியின் பேச்சுத்தான் என்பது அவருடைய வாக்குமூலம். தம்முடைய 'நம்பிக்கையின் கல்வி' என்ற புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அது 1992-இல் வெளிவந்தது. அந்தத் தொழிலாளியின் பெயர் யாருக்கும் தெரியாது.

நம் ஊரிலும் இப்படி நடக்காமல் இல்லை. பூச்சி மருந்து வகுப்பிலும் சொட்டு நீர் வகுப்பிலும் விவசாயி எழுந்து, "விளைஞ்சா விலை கிடைக்குமாங்க?" என்று கேட்டால், அது விவசாய இலாகாவின் விஷயமல்ல என்று உட்கார வைத்தது எத்தனை காலம்! கடைசியில் என்ன ஆயிற்று? பயிர் ரகங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்ட எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-இல் அமைந்த தேசிய விவசாயிகள் கமிஷன், 2006-க்குள் கொடுத்த அறிக்கைகளில் விலையைப் பற்றித்தான் பேச வேண்டி வந்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது பாதிப் பங்கு சேர்த்து ஆதார விலை கொடுக்க வேண்டும் என்றது. இன்றைக்கும் கமிஷன் என்றால் ஜனங்கள் நினைவில் நிற்பது அந்தச் சிபாரிசுதான். பின்வரிசைக் குடியானவன் கேட்டது விஷயத்துக்குப் புறம்பு என்றால், கமிஷனும் புறம்பாகத்தான் போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பேர்வழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசகர்கள் என்னை ஏமாளி என்று நினைப்பீர்கள். 'ஒரு சின்ன சந்தேகம்' என்று எழுந்து, தம்முடைய முப்பது வருஷ சர்வீஸ், தாம் எழுதிப் பத்திரிகையில் வந்த கடிதம், தம் மாப்பிள்ளை அமெரிக்காவில் பார்த்தது ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, கேள்வி என்ன என்பதையே மறந்து உட்காருகிறாரே, அவருக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேனா? இல்லை. கண்டிப்பாக இல்லை. அவர் கேள்வி கேட்கிறவரே அல்ல. மேடை கிடைக்காத பிரசங்கி. அவரைப் பாதியில் நிறுத்தி, "உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன ஸார்?" என்று கேட்டுவிட வேண்டும். உண்மையான கேள்வி உள்ளவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். இல்லாதவர் விழிப்பார். இந்த ஒரு சோதனை போதும். அதைச் செய்யத் துணிச்சலில்லாமல் இவரைப் பத்து நிமிஷம் பேசவிட்டுவிட்டு, நேரம் போய்விட்டதே என்று அடுத்து எழுந்த பெண்மணியின் மேல் கோபத்தைக் காட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'எங்களுக்கு அதிகாரம் இல்லையே ஸார், பாடத்தை நடத்து என்று அனுப்பினார்கள், நடத்துகிறோம்' என்று பயிற்சியாளர்கள் சொல்லுவார்கள். உண்மைதான், அவர்களிலும் பாதிப் பேர் ஆசிரியர்கள், அவர்களும் அடுத்த வாரம் எங்கோ ஒரு சாவடிக்குப் போகிறவர்கள். அதிகாரம் இல்லையென்றால் அதையே பதிலாகச் சொல்லலாமே! 'எனக்குத் தெரியாது. தெரிந்தவர் இன்ன ஆபீஸில் இன்னார். இன்று சாயங்காலம் அவரிடம் கேட்டுச் சொல்லுகிறேன்.' இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சம்பந்தமில்லை என்று சொல்லுவதற்கும் அதே அரை நிமிஷம்தான் ஆகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கர்களைத் தரம் பிரித்திருக்கிறார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்னம், பசு, மண், கிளி. பிறகு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை. கண்ட செடியிலும் ஒவ்வொரு வாய் மேய்கிறவன் ஆடு. குளத்தைக் கலக்கிக் குடிக்கிறவன் எருமை. புறம்பான கேள்வி கேட்கிறவனைப் பார்த்து மேடைக்காரர்கள் இந்த ஆட்டையும் எருமையையும்தான் நினைத்துக்கொள்ளுகிறார்கள். ஆனால் அதே நூலில் ஆசிரியராகத் தகாதவருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறதே, அது ஏன் யாருக்கும் நினைவிருப்பதில்லை? தானாகப் பழம் உதிர்ந்தாலொழிய, ஏறிப் பறிக்க விடாத கருக்குப் பனை. திணிப்பதற்கும் பிடுங்குவதற்கும் பாடுபட வேண்டிய பஞ்சுக் குடுக்கை. ஒருவன் தண்ணீர் ஊற்ற, அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் முடத்தென்னை. திரையில் உள்ளதைப் படித்துவிட்டு, கேட்டால் மட்டும் ஒன்றும் வராத பயிற்சியாளரைப் பஞ்சுக் குடுக்கை என்றால் தப்பா?

அது மட்டுமல்ல. விடைகள் எட்டு வகை என்றும் நன்னூல் சொல்லுகிறது. சுட்டிச் சொல்லலாம், மறுக்கலாம், உடன்படலாம், நீயே செய் என்று ஏவலாம், எதிர்க் கேள்வி கேட்கலாம், உற்றதைச் சொல்லலாம், உறப்போவதைச் சொல்லலாம், இனமான இன்னொன்றைச் சொல்லலாம். ஆடுவாயா என்று கேட்டால், பாடுவேன் என்பதுகூட ஒரு விடைதான். நேராக இல்லாத பதிலையும் பதில் என்று ஏற்றுக்கொண்ட தாராளம் நம் இலக்கணத்துக்கு இருக்கிறது. அந்த எட்டிலும் 'அப்புறம்' என்று ஒரு வகை இல்லை.

என் தொழிலிலும் இந்த வியாதி இருக்கிறது. சிறுகதைப் பயிற்சிப் பட்டறை என்று இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. என்னையும் கூப்பிடுகிறார்கள். பாத்திரப் படைப்பு, நடை, உச்சகட்டம் என்று தலைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் வருகிறவர்கள் கேட்பது வேறு. "ஒரு கதைக்கு எவ்வளவு ஸார் கொடுப்பாங்க?", "திருப்பி வந்த கதையை என்ன செய்யறது?", "சொந்தக்காரங்களைப் பத்தி எழுதினா சண்டை வராதா?" ஒரு தடவை, ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், "வீட்ல எங்க உக்காந்து எழுதறீங்க?" என்று கேட்டார். கூட்டத்தை நடத்தினவர் பதறிப்போய், "அம்மா, தலைப்பைப் பத்தி மட்டும் கேளுங்க" என்றார்.

நான் பதில் சொன்னேன். ஏனென்றால், 1928-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜில் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் 'பெண்களும் கதை இலக்கியமும்' என்று பேசக் கூப்பிட்டபோது, வர்ஜினியா உல்ப் பேசினது இதைத்தான். எழுத வேண்டுமானால் ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு ஐந்நூறு பவுன் வருமானமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்றார். தலைப்புக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களே என்றுதான் பேச்சையே தொடங்குகிறார். மறு வருஷம் அது புத்தகமாக வந்தது. அன்றைக்கு மேடையில் இருந்தவருக்குத் தோன்றினது, நம் ஊரில் பின்வரிசை அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. உல்ப் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. விசாரித்ததில், மாமியார் தூங்கின பிறகு சமையல் மேடையில் நின்றபடி எழுதுகிறார் என்று தெரிந்தது. பாத்திரப் படைப்பைப் பற்றி நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த குறிப்புகளில் முக்கால்வாசியை அன்றைக்குப் பேசவில்லை. எங்கே, எப்போது, யாருக்குத் தெரியாமல் எழுதுகிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். தலைப்புக் கொடுத்தவருக்கு அதில் மனக்குறைதான்.

தேர்தல் வகுப்புக்கே திரும்புகிறேன். அது ஒரு நாளோடு முடிவதில்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று சில நாள் இடைவெளி விட்டு நடத்துகிறார்கள். சுவரில் ஒட்டும் தாளைத் தாராளமாக ஒட்டட்டும். ஆனால் சாயங்காலம் அதைக் காவல்காரரிடம் விடாமல், சாவடிகளுக்குப் பொறுப்பான ஆபீஸரின் மேஜைக்கு எடுத்துப் போகட்டும். இரண்டாம் வகுப்பில், இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்தத் தாளில் உள்ளதை ஒவ்வொன்றாக வாசித்து, பக்கத்திலேயே பதிலையும் வாசிக்கட்டும். இந்தந்தச் சாவடியில் கழிப்பறை இருக்கிறது, சாவி இன்னாரிடம், அவருடைய போன் நம்பர் இது. இந்தந்த ஊரில் சாப்பாடு இன்னார் பொறுப்பு, காசு இவ்வளவு. இயந்திரத்தை ஒப்படைத்த பிறகு வீடு திரும்ப பஸ் இன்ன இடத்திலிருந்து. இவ்வளவையும் படிக்கப் பத்து நிமிஷம் பிடிக்கும். அதற்குப் பிறகு, மாதிரி ஓட்டை அழிக்கிற பொத்தான் எது என்று யாராவது கேட்கிறார்களா பார்க்கட்டும்.